இருபத்திரண்டு இடது கால்கள்

வேலூர், பிப்ரவரி 15, சனிக்கிழமை.
இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். பெட்டியில் இருபத்திரண்டு ஷூ இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். இருந்தது. எந்தக் காலுக்கு என்று பார்க்கவில்லை.

தபரேஸ் இவ்வளவு எழுதியபோது புஷ்ரா வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பாய், டைரி அப்புறம் எழுதலாம். இருபத்திரண்டும் இடது காலு. இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

தினமும் நாலு வரி எழுதினால்தான் தமிழ் கைக்கு வரும் என்று மாலை வகுப்பு ஆசிரியர் சொல்லியிருந்தார். பதற்றமாக இருக்கும்போது எழுதினால் பதற்றம் குறைகிறது என்பது தபரேஸ் தானாகக் கண்டுபிடித்தது. இன்று அது வேலை செய்யவில்லை.

புஷ்ரா, ஆம்பூர் பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன். தபரேஸ் அணியின் மேலாளர். பகலில் ஷூ கம்பெனியில் டிஸ்பாட்ச் குமாஸ்தா. இந்த வேலூர்க் கல்லூரி மைதானத்தில் மூன்று மணிக்கு அரக்கோணம் அணியோடு மண்டல இறுதிப் போட்டி. ஜெயிக்கிற அணி ஜூலையில் போர்ச்சுகல் போய் உலக இளையோர் கோப்பையில் ஆடும். தோற்கிற அணி வந்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பும். இரண்டு காலிலும் அடியில் குமிழ் குமிழாக ஸ்டட் வைத்த ஷூ இல்லாமல் இறங்கினால், ஆடாமலே தோற்றதாக விதி.

"பழைய ஷூவ எடுத்துனு வர்லாம்னு நான் சொன்னேனா இல்லையா?" என்றார் பயிற்சியாளர் கமலவேணி டீச்சர்.

சொன்னார். ஆனால் கம்பெனியிலிருந்து புதுசு வருகிறதே என்று, பழைய ஷூக்களை நேற்றே ஜூனியர் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன விழா வைத்துக் கொடுத்துவிட்டான் தபரேஸ். தலைக்கு ஒரு லட்டு வேறு.

"சைஸாவது சரியா இருக்கா?"

ஒவ்வொரு பெண்ணின் காலையும் அட்டையில் வைத்து வரைந்து அளவு கொடுத்தவன் அவன். பதினொரு ஷூ கச்சிதமாகப் பொருந்தின. மீதிப் பதினொன்று யாருக்கும் பொருந்தவில்லை. அதில் ஒன்று ஒன்பதாம் நம்பர், படகு மாதிரி இருந்தது. ஒரு பெண் அதில் தன் இரண்டு காலையும் விட்டுப் பார்த்தாள். இடம் மிச்சம் இருந்தது.

"இது யாருக்கு பாய்? பஸ் டிரைவருக்கா?"

தபரேஸ் கம்பெனிக்குப் போன் போட்டான். டிஸ்பாட்சில் அப்துல் கஃபார் எடுத்தார்.

"கஃபார் பாய், வலது காலு எங்க?"

"அது தனி வண்டில போச்சு தபரேஸு. நீ போட்ட ரூலு தானே?"

போன வருடம் கம்பெனியில் ஷூ திருட்டு ஜாஸ்தியானபோது தபரேஸ்தான் அந்த யோசனையைச் சொன்னான். இடது கால் எல்லாம் ஒரு பெட்டி, வலது கால் எல்லாம் இன்னொரு பெட்டி, தனித்தனி வண்டி, போய்ச் சேர்ந்த இடத்தில் ஜோடி சேர்ப்பது. ஒற்றைக்கால் ஷூவை எவன் திருடுவான்? முதலாளி சர்தார் பாஷா எல்லார் முன்னாலும் அவன் முதுகில் தட்டி, "மூளடா இவனுக்கு" என்றிருந்தார்.

"எங்க போச்சு அந்த வண்டி?"

"அத போன்ல சொல்லக் கூடாது."

"யார் சொன்னாங்க?"

"நீதான். ரூலு நாலு."

"பாய், நான் தபரேஸ் பேசறேன். ரூல் போட்டவனே நான்தான்."

"குரல மாத்திப் பேசுவாங்க, நம்பாதன்னு நீயே எழுதி ஒட்டிக்கீற. ரூலு அஞ்சு."

"சரி, டிரைவர் நம்பராவது குடுங்க."

"குடுக்கறேன். ஆனா வண்டி ஓடும்போது அவரு போன ஆஃப் பண்ணி வெக்கணும். ரூலு ஆறு. நல்ல ரூலுப்பா. அதுக்கப்புறம் ஒரு ஷூ காணாம போகல."

தபரேஸ் போனை வைத்தான். தன் விதிகள் இவ்வளவு உறுதியானவை என்று அவனுக்கு இதுவரை தெரியாது. எப்போதும் வலது கால் பெட்டி சென்னை கோடவுனுக்குத்தான் போகும். இந்நேரம் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியிருக்கும்.

கமலவேணி டீச்சர் வேலூரில் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் செய்தார். ஸ்டட் ஷூ ஆண்கள் சைஸில்தான் இருந்தது, அதுவும் மூன்று ஜோடி.

"இடது ஷூவயே வலது கால்ல மாட்டிப் பார்த்தா இன்னா?" என்றாள் புஷ்ரா.

மாட்டினாள். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் டீச்சர் அவளை நேராக ஓடச் சொன்னார். நேராகத்தான் கிளம்பினாள். பத்தடி போனதும் தானாக வளைந்து, வேப்பமரத்தைச் சுற்றி, டீச்சரின் முதுகுப் பக்கமாக வந்து நின்றாள்.

"எல்லாருமா இப்படி ஓடினா கும்மியடிக்கிற மாதிரி இருக்கும்" என்றார் டீச்சர். "தம்பி, டைம் கேளுங்க. எதுனா சொல்லி ஒரு மணி நேரம் வாங்குங்க. அதுக்குள்ள அந்த டிரைவரப் பிடிச்சிடலாம்."

தபரேஸுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் அதையும் முறையாகச் செய்ய முடிவு செய்தான். ஒரே ஒரு பெண்ணுக்கு, லேசான வயிற்று வலி. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். பெரிய பொய்யாக வேண்டாம். புஷ்ரா ஒப்புக்கொண்டாள்.

போட்டிச் செயலாளர் பரந்தாமன் வந்து எட்டிப் பார்த்ததும் புஷ்ரா தரையில் விழுந்து உருண்டாள்.

"லேசான்னு சொன்னேனே" என்று தபரேஸ் பல்லைக் கடித்தான்.

"லேசா உருள வரல பாய்" என்று உருண்டபடியே சொன்னாள்.

பரந்தாமன் பதறிப்போனார். காலையில் இரண்டு அணிக்கும் பொங்கல் ஏற்பாடு செய்தவர் அவர்தான். "எதிர் டீம் ஒத்துக்கினாத்தான் டைம் தர முடியும். வாங்க, பஞ்சாட்சரம் சாரக் கேப்போம்."

பஞ்சாட்சரம் அரக்கோணம் அணியின் மேலாளர், ரயில்வேக்காரர். மீசையைப் பார்த்தாலே நமக்கு எதிராக ஒரு கோல் விழுந்த மாதிரி இருக்கும். அவர் அணி அரையிறுதியில் ஆறு கோல் போட்டது. அவர்களுடைய கோல்கீப்பர் சௌம்யா கையைத் தூக்கினால் மேல் கம்பத்தில் தூசி தட்டலாம் என்று பேச்சு. அவர்கள் அறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளேயிருந்து தொம் தொம் என்று குதிக்கிற சத்தம்.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து மீசை மட்டும் வெளியே வந்தது. இடுக்கு வழியாக ஒரு பெண் ஒற்றைக் காலில் குதிப்பது தெரிந்தது.

"ஒரு மணி நேரமா?" என்றார் பஞ்சாட்சரம். "பாவம் கொழந்தைங்க. ரெண்டு மணி நேரம் எடுத்துக்கோங்க தம்பி. மூணு மணி நேரம்னாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

கதவு சாத்திக்கொண்டது.

தபரேஸ் நேராக டீச்சரிடம் ஓடினான். "டீச்சர், அவங்களுக்கு எவ்ளோ தைரியம் பாருங்க. எப்ப ஆடினாலும் ஜெயிப்பாங்களாம். உள்ள ஒத்தக் கால்ல குதிச்சுப் பிராக்டிஸ் பண்றாங்க."

"ஒத்தக் கால்லயா?" டீச்சருக்கே முகம் மாறியது. "அது புது முறையா இருக்கும்."

டிரைவரின் போன் அணைந்தே இருந்தது. அரை மணி கழித்து பரந்தாமன் வேட்டி கலைய ஓடி வந்தார்.

"போச்சு சார், போச்சு! அரக்கோணத்துலயும் நாலு பொண்ணுங்களுக்கு வயித்து வலியாம். எல்லாம் என் பொங்கலு. நான் மாட்டிக்கினேன்!"

"இல்ல சார், எங்க பொண்ணுக்கு இப்ப பரவால்ல..."

"நீங்க பேசாதீங்க. பாகாயம் ஆஸ்பத்திரிலேர்ந்து டாக்டருங்க வந்துனு இருக்காங்க."

வந்தார்கள். ஒருவர் அல்ல, மூன்று பேர், ஒரு ஆம்புலன்ஸோடு. ஆம்பூர்ப் பெண்களை வரிசையாகப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கினார்கள். கேப்டனை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று எல்லாரும் ஒற்றுமையாக "ஆ" என்றார்கள். ஒருத்தி முழங்கையைத் தொட்டதற்கே "ஆ" என்றாள்.

"நீங்களும் அந்தப் பொங்கல் சாப்ட்டீங்களா?" என்று டாக்டர் தபரேஸைக் கேட்டார்.

"சாப்ட்டேன் சார்" என்றான். அன்று மதியம் அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதனால்தான் வினை வந்தது.

"அப்ப நீங்களும் கேம்பஸ விட்டு வெளிய போகக் கூடாது. ராத்திரி முழுக்க எல்லாரும் இங்கயே இருக்கணும். மோரும் தயிர் சாதமும்தான்."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு பெரிய தேக்சா அண்டாக்களை இறக்கினார்கள். சர்தார் பாஷா இரண்டு அணிக்குமாக அனுப்பிய பிரியாணி. முதலாளி சுபாவம் அது. ஒரு பக்கம் செய்தால் மறு பக்கமும் செய்யாமல் இருக்க மாட்டார். வாசனை வராந்தாவைத் தாண்டி அறைக்குள் வந்ததும், படுத்திருந்த பதினொரு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"சார், எனக்கு சரியாய்டுச்சு!"

"எனக்கு வலியே இல்ல சார், சும்மா சொன்னேன்!"

"புஷ்ரா வேணா படுத்துக்கட்டும் சார், நாங்க சாப்ட்டு வர்றோம்!"

டாக்டர் தலையை ஆட்டினார். "குழப்பமாப் பேசறாங்க. சத்து எறங்கியிருக்கு. தண்ணில உப்பு, சர்க்கரை போட்டுக் குடுங்க."

தேக்சாக்கள் வேனில் திரும்ப ஏறின. எதிர் அறையிலிருந்தும் ஒரு பெரிய அழுகுரல் கேட்டது. அந்த ஒரு நிமிடம் ஆம்பூரும் அரக்கோணமும் ஒரே அணியாக இருந்தன.

பரந்தாமன் கையில் ஒலிபெருக்கியோடு அறிவித்தார். "ஆட்டம் நாளைக்குக் காலைல ஏழு மணி. ரெண்டு காலுக்கும் ஷூ போட்டு எறங்காத டீம் போட்டில இல்ல. ரெண்டு டீமும் எறங்கலன்னா மூணாவதா வந்த டீம் போர்ச்சுகல் போகும். இதுக்கு மேல ஒரு நிமிஷம் தர மாட்டேன். என் பொங்கல் மேல பழி போட்டது போதும்."

மாலையில் தயிர் சாதம் வந்தது. புஷ்ரா சுவரில் சாய்ந்து, இடது காலில் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் தோலில் ஆரஞ்சுக் கோடு. அவள் காலுக்கே வளர்ந்தது போல இருந்தது.

"அழகா இருக்கு இல்ல பாய்?" என்றாள். "எங்க வாப்பா பதினெட்டு வருஷமா ஷூ தெக்கிறாரு. நான் போட்டு ஆடறத பார்க்க நாளைக்கு ஓவர்டைம விட்டுட்டு வர்றாராம். ஒரு காலு போட்டுனு நின்னா சிரிப்பாரு."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தபரேஸ்தான் தயிர் சாதத் தட்டைத் தள்ளி வைத்தான். திருட்டு போகக் கூடாதென்று ஆறு விதி போட்டான். அந்த ஆறும் சேர்ந்து இந்தப் பெண்களின் போர்ச்சுகலைத் திருடிவிட்டன. எழுந்து கையைக் கழுவினான்.

"எங்க போறீங்க?" என்றார் டீச்சர்.

"செயலாளர்கிட்ட. எல்லாத்தயும் சொல்லிடறேன். வயித்து வலி பொய், பொங்கல்ல தப்பு இல்ல, ஷூ தப்பு என்னுது. கால்ல விழுந்தாவது அவங்கள வெறுங்கால்ல ஆட விடச் சொல்றேன்."

"இடது கால்லயா விழுவீங்க, வலது கால்லயா?" என்றார் டீச்சர். பிறகு எழுந்து அவன் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டார். "போங்க. நானும் பின்னாடியே வர்றேன்."

வராந்தாவில் பாதி தூரம் போயிருப்பான். எதிரே அரக்கோணம் அறைக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. தலை இடிக்காமல் குனிந்து ஒரு பெண் வெளியே வந்தாள். கோல்கீப்பர் சௌம்யா. வெறுங்காலோடு, எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவனிடம் வந்தாள். தயங்கித் தயங்கி அதை முன்னால் நீட்டினாள். கறுப்புத் தோல், ஆரஞ்சுக் கோடு, படகு மாதிரி.

"அண்ணா, எங்க சார்கிட்ட சொல்லிடாதீங்க. சர்தார் பாஷா எங்களுக்கு அனுப்புன பொட்டில இருபத்திரண்டும் வலது காலுண்ணா, அதான் மத்தியானத்துலேர்ந்து வயித்து வலின்னு படுத்துனு இருக்கோம். உங்ககிட்ட ஒம்போதாம் நம்பர் இடது காலு ஒண்ணு ஜாஸ்தியா இருக்குமா?"

அன்று டைரியில் தபரேஸ் இன்னும் இரண்டு வரி எழுதினான்.

நாளை: காலை ஆறு மணிக்கு இரண்டு பெட்டியையும் வராந்தாவில் கொட்டி, அரக்கோணம் அணியோடு உட்கார்ந்து ஜோடி சேர்க்க வேண்டும். ஏழு மணிக்கு அவர்களைத் தோற்கடிக்க வேண்டும்.