மூணு அடியில் விழுந்த ராஜா

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவெடுத்தேன். என்ன ஆனாலும் சரி, தோற்றே தீருவது.

சிரிக்காதீர்கள். ஜெயிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர். தோற்பதற்கென்று உட்கார்ந்து திட்டம் போட்டவன் இலுப்பூரிலேயே நான் ஒருவன்தான். பெயர் முகமது இப்ராஹிம். வயது ஐம்பத்து மூன்று. கடைவீதியில் செருப்புக்கடை. தோற்பதில் எனக்கு இருபத்தாறு வருட அனுபவம் உண்டு. ராபியாவை நிக்காஹ் செய்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

சார்ஜாவிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பியபோது மகன் அப்ராருக்காக ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தேன். அவன் ஒரு வாரம் விளையாடினான். பிறகு சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பெட்டி தூசி படிந்து கிடந்தது. பாவம், துடைத்து வைப்போம் என்று கையில் எடுத்தேன். பதினான்கு மாதமாகிறது, இன்னும் கீழே வைக்கவில்லை.

விளையாட்டில் ஒன்பது கோட்டைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பெரிய எதிரி நிற்பான். அவனை ‘பாஸ்’ என்பார்கள். ஒன்பதாவது கோட்டையில் இருப்பவன் எல்லோருக்கும் பெரிய பாஸ், கருங்கவச ராஜா. முதல் எட்டுப் பேரும் சாகும்போது அவன் பெயரைச் சொல்லித்தான் செத்தார்கள். ‘என்னைக் கொன்றுவிட்டாய், ராஜாவிடம் என்ன செய்வாய்?’ என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் கேட்டார்கள். நான் தமிழில் பயந்தேன்.

என் கடைக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் வசந்தகுமாரும் அதையேதான் சொன்னார்.

“அண்ணே, அந்தக் கடைசி ராஜா லேசுப்பட்ட ஆளு இல்ல. ஒரு மாசம் அடிச்சும் சாகலன்னு நெட்ல ஒருத்தன் அழுதிருக்கான். இன்னொருத்தன் டிவியவே ஒடச்சிருக்கான்.”

“நெசமாவா?”

“நீங்களும் எதுக்கும் டிவியச் செவுத்துல நல்லா இறுக்கி மாட்டுங்கண்ணே.”

இதைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை. மகிழ்ச்சி வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ராபியாவின் அண்ணன் அப்துல் நாசர். அடுத்த தெருவில்தான் வீடு. இரும்புக்கடைக்காரர், ஆறடி உயரம். பதினோரு மாதத்துக்கு முன்னால் அவருடைய மகள் சாமியாவுக்கு நிக்காஹ் நடந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, வாயால் சொல்ல வேண்டும். பத்திரிகை அதற்கப்புறம்தான். அடுத்த தெருவில் இருக்கும் அப்துல் நாசர் எனக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார். கீழே இரண்டு ரோஜாப்பூப் படம்.

நான் போகவில்லை. ராபியா மட்டும் போய்விட்டு வந்தாள். அன்றிலிருந்து மச்சானோடு பேச்சில்லை. பள்ளிவாசலில் தொழுது முடித்து, வலமும் இடமும் திரும்பி ஸலாம் சொல்லும்போது அவர் முகம் தட்டுப்பட்டுவிடக் கூடாதே என்று, சீக்கிரமே போய் முதல் வரிசையில் ஓரமாக இடம் பிடித்தேன். ‘இப்ராஹிம் பாய்க்கு இப்பல்லாம் இறையச்சம் கூடிப்போச்சு’ என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது சாமியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். ஏழு மாதம். ராபியா ஆரம்பித்துவிட்டாள்.

“பிள்ள பொறக்குறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பேசிரணுங்க. அந்தப் பச்சமண்ணு முகத்தப் பாக்கையில ஆளுக்கொரு பக்கமாத் திரும்பிக்கிட்டு நிப்பீங்களா?”

“அவரு வந்து பேசட்டும்.”

“சகோதரனோட மூணு நாளைக்கு மேல பேசாம இருக்கக்கூடாதுன்னு நபி சொல்லியிருக்காங்க.”

“அது சகோதரனுக்கு. இவரு மச்சான்.”

அவள் அழுதுவிட்டாள். அதுதான் என்னைத் தடுமாற வைத்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பதினோரு மாதமாக அவள் ஒருத்திதான் நடந்துகொண்டிருந்தாள். எனக்கே மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்தேன்.

“சரி. இந்த கேம் முடியட்டும். முடிஞ்ச அடுத்த நிமிஷம் ஒங்க அண்ணன் வீட்டுக்கு வாரேன்.”

பக்கத்து வீட்டு பவுசியா அப்போதுதான் கறிக் கிண்ணத்தைத் திருப்பித் தர உள்ளே வந்திருந்தாள். ராபியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“பவுசியா, கேட்டுக்கிட்டியா?”

“கேட்டேன் ராத்தா. முடிஞ்ச அடுத்த நிமிஷம்னாரு.”

சொன்ன வார்த்தைக்குச் சாட்சி விழுந்துவிட்டது. ஆனால் எனக்குக் கவலையில்லை. ராஜா இருக்கிறான். ஒரு மாதம் அடித்தாலும் சாகாத ராஜா. அவனிடம் தினமும் தோற்றுக்கொண்டே இருந்தால் கேம் முடியாது. கேம் முடியாத வரை நான் போக வேண்டியதில்லை. இப்படியாகத்தான் அந்த வெள்ளிக்கிழமை, எட்டாவது பாஸ் செத்து விழுந்த மறுநாள், ராஜாவின் அரண்மனை வாசலில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நிம்மதியாக அஸர் தொழப் போனேன்.

திரும்பி வந்தால், சோபாவில் ராபியா உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம். முறத்தில் சின்ன வெங்காயம்.

“என்ன இங்கிட்டு உக்காந்திருக்க?”

“இன்னைக்கு ராஜாவோட சண்டைன்னீங்களே. பாக்கலாம்னு.”

“பதினாலு மாசமாப் பாக்காதவளுக்கு இன்னைக்கு என்ன?”

“கடைசிச் சண்டையாச்சே. பாக்காம இருந்தா நல்லாருக்குமா?”

பக்கத்தில் ஆள் இருக்கும்போது சும்மா நின்று அடி வாங்கினால் சந்தேகப்படுவாள். இரண்டு வீச்சாவது வீசித் தோற்க வேண்டும். கதவைத் திறந்தேன். இடி இடித்தது. நெருப்பு எரிந்தது. அறுபதடி உயரத்தில் கருங்கவச ராஜா எழுந்து நின்றான். பதினான்கு மாதம் இந்த முகத்தைப் பார்க்கத்தானே வந்தேன்.

மரியாதைக்கு ஒரு வீச்சு வீசினேன்.

ராஜா தள்ளாடினான். அவன் உயிரைக் காட்டும் சிவப்புக் கோட்டில் பெரும்பகுதி காணாமல் போனது. இது ஏதோ நடிப்பு என்று நினைத்தேன். இன்னொரு வீச்சு. ராஜா மண்டி போட்டான்.

உடனே பின்வாங்கி, கத்தியைத் தாழ்த்தி, கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடிடா ராஜா, அடி. அடித்தான். கொசு கடித்த அளவுக்கு என் உயிர் குறைந்தது. மறுபடி அடித்தான். மறுபடி கொசு.

“என்னங்க, நிக்கிறீங்க?”

“ஆழம் பாக்குறேன்.”

“கொஞ்சம் அங்கிட்டு நகருங்க, மொறம் இடிக்குது.”

சொல்லிக்கொண்டே அவளே நகர்ந்தாள், முழங்கை என் கையில் இடித்தது, என் கட்டைவிரல் பட்டனில் இறங்கியது. மூன்றாவது வீச்சு. கருங்கவச ராஜா ‘ஆ’ என்று ஒரே ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு மல்லாந்து விழுந்தான். பாட்டு ஒலித்தது. கேம் செய்தவர்களின் பெயர்கள் மேலே போக ஆரம்பித்தன.

நான் அசையவில்லை. ஒரு வில்லனுக்குச் சுயமரியாதை என்று ஒன்று வேண்டாமா? முதல் கோட்டை வாசலில் காவல் நின்றவனே என்னை நாலு நாள் அடித்தான். எட்டாவது பாஸ் இருபத்திரண்டு நாள் தூங்க விடவில்லை. அவர்களெல்லாம் ‘ராஜா, ராஜா’ என்று உயிரை விட்டார்களே, இந்த ராஜாவுக்கா? நான் தோற்க வந்தவன்தான். ஆனாலும் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பதினான்கு மாதம் ஒருவனுக்குப் பயந்திருக்கிறேன். அவன் அதற்குத் தகுதியானவனாக இருந்திருக்கலாம்.

“முடிஞ்சிருச்சுல்ல?” என்றாள் ராபியா.

“பேரெல்லாம் ஓடுது.”

“ஓடட்டும். சட்டையப் போடுங்க.”

அடுத்த நிமிஷம் என்றால் எங்கள் வீட்டில் அடுத்த நிமிஷம்தான். பவுசியா அவள் வீட்டு வாசலில் நின்று நாங்கள் போவதைப் பார்த்தாள்.

போகிற வழியெல்லாம் நான் தயாரானேன். சரி, கேமில்தான் ஏமாந்தோம். இது நிஜச் சண்டை. ஆறடி அப்துல் நாசர். பதினோரு மாதக் கோபம். எதை முதலில் சொல்வது, எதில் குரலை உயர்த்துவது, ரோஜாப்பூப் படத்தை எந்த இடத்தில் எடுத்துவிடுவது என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

கதவைத் திறந்தது மச்சானேதான். நெஞ்சை நிமிர்த்தினேன்.

“மச்சான், ஒரு விஷயம் நேருக்கு நேரா...”

“மன்னிச்சிருங்க மச்சான். தப்பு என் மேலதான்.”

“நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கலையே.”

“சொல்லவே வேணாம். பத்திரிகைய போன்ல அனுப்புனது தப்பு. உள்ள வாங்க, டீ ஆறிரும்.”

டீ ஏற்கனவே ஊற்றி வைத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இவரும் இப்படி விழுந்தால் நான் எங்கே போவேன்?

“அது எப்படி மச்சான்? அடுத்த தெருதான? ஒரு எட்டு வந்து வாயால சொல்ல முடியாதா?”

மச்சான் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“மூணு தடவ வந்தேனே மச்சான். நானும் எம் பொண்டாட்டியும். மூணு தடவையும் ராபியா வீட்ல இல்ல. பெல் அடிச்சோம். தட்டுனோம். ஜன்னல் வழியாப் பாத்தா, காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு யாரையோ கத்தியால குத்திக்கிட்டு இருக்கீங்க. கையக் கூட ஆட்டுனேன். நீங்க திரும்பி என்னைய மொறச்சிட்டு மறுபடியும் குத்துனீங்க. நாம வந்தது புடிக்கலை போலன்னு நெனச்சேன்.”

மூன்றாவது கோட்டை. முதலைத்தலை பாஸ். எனக்கு ஞாபகம் வந்தது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்து, வெயிலில் கண் கூசுகிறதே என்று முறைத்தது நான்தான். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ராபியாவைப் பார்த்தேன்.

“ஒனக்கு இது தெரியுமா?”

“அண்ணன் போன்ல சொன்ன அன்னைக்கே ஒங்ககிட்ட சொன்னேன்ல.”

“எப்ப சொன்ன?”

“பக்கத்துல நின்னு சொன்னேன். ‘ம்’ன்னீங்க. மறுநாளும் சொன்னேன். அதுக்கும் ‘ம்’தான். நிக்காஹ்வுக்கு வரலையான்னு கேட்டேன். அதுக்குத்தான் வாயத் தொறந்து ‘வரல’ன்னீங்க.”

உள்ளறையிலிருந்து சாமியா மெல்ல நடந்து வந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில். நான் தோளில் தூக்கி வைத்துக் கடைவீதி சுற்றிக் காட்டிய பிள்ளை.

“மாமா, நிக்காஹ்வுக்குத்தான் வரல. பேரு வைக்கவாச்சும் வருவீங்களா?”

வாயால் சொன்னால்தான் அழைப்பு என்று நினைத்தவன் நான். அவள் வாயால் சொன்னாள். தலையை ஆட்டினேன். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். மஃரிபு தொழுகைக்கு இருவரும் சேர்ந்தே போனோம். கடைசி வரிசையில் அவருக்கு வலப்பக்கம் நின்றேன். தொழுது முடித்து இடப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னபோது, பதினோரு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். தாடி நிறைய நரைத்திருந்தது.

மச்சான் வீட்டுக்குத் திரும்பி வந்து, நானும் ராபியாவும் கிளம்பும்போது சாமியா கேட்டாள்.

“மாமா, ராஜா எத்தன அடில செத்தான்?”

“மூணு.”

அவள் ராபியாவைப் பார்த்தாள். ராபியா செருப்பைத் தேடினாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பெட்டியைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். அதில் ஆட்டம் எவ்வளவு கஷ்டமாக இருக்க வேண்டும் என்று கேட்டு நாலு வரி உண்டு. நான் வைத்திருந்தது மேலிருந்து இரண்டாவது. இப்போது கடைசி வரியில் டிக் விழுந்திருந்தது. ‘ஈஸி’ கூட இல்லை. அதற்கும் கீழே, சண்டை வேண்டாம், கதை பார்த்தால் போதும் என்பவர்களுக்கானது.

“ராபியா, இத எப்ப மாத்துன?”

“நீங்க அஸருக்குப் போயிருந்தப்ப. சாமியா வீடியோ கால்ல சொல்லிக் குடுத்தா. நாலு பட்டன்தான்.” மீதி வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க அண்ணனும் ஒரு வார்த்தைக்கே விழுந்துட்டாரே. அவரையும் நீதான் மாத்தி வச்சியா?”

“அவரு எப்பவுமே அப்படித்தாங்க. நீங்கதான் கிட்டவே போகல.”

யோசித்துப் பார்த்தேன். ராஜா பொசுக்கென்று விழுந்தான். மச்சான் டீயோடு விழுந்தார். அப்படியானால் இவளைப் பதினோரு மாதம் பாடாய்ப் படுத்திய ஒரே வீரன் யார்? தோற்ற நாளிலும் எனக்கு ஒரு சின்னப் பெருமை வந்தது. சோபாவில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

“அப்ப ஒனக்கு ரொம்பக் கஷ்டம் குடுத்தது நான்தான், என்ன?”

“நீங்களா?” ராபியா முறத்தைத் தட்டித் தோலை ஊதினாள். “பவுசியாவ வச்சு ஒரு வார்த்த வாங்குனேன். நாலு பட்டன அமுக்குனேன். மொழங்கையால ஒரு இடி இடிச்சேன். நீங்களும் மூணு அடிதான்.”