மேடு உட்கார்ந்த நாள்

வரைபடம் வரைகிறவர்கள் மை தீர்ந்து எழுந்து போய்விட்ட ஒரு மூலையில் மேட்டுத்திடல் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது என்று சொன்னால் சரியாகாது. அந்த அணிக்கு ஒரு நாடு இருந்தது. அணியை யார் விலைக்கு வாங்குகிறாரோ அவரே அரசர். அணியதிபர் என்பது அவருடைய பட்டம். இதனால் தேர்தல் செலவு மிச்சம் என்று அந்நாட்டு அறிஞர்கள் பெருமைப்பட்டார்கள். மக்களுக்கும் பெரிய வருத்தமில்லை. சனிக்கிழமை ஆட்டம் நடந்தால் போதும் அவர்களுக்கு.

மைதானத்தின் கிழக்கே ஒரு மண்மேடு இருந்தது. எப்போதோ குளம் தூர்வாரிய மண்ணைக் கொண்டுவந்து கொட்டியதில் உண்டானது. அதன்மேல் நின்றுதான் ஊர் ஆட்டம் பார்க்கும். மழையோ, தோல்வியோ, முழங்கால் வலியோ, ஆட்டம் முடியும்வரை யாரும் உட்காரமாட்டார்கள். மேடு உட்கார்ந்தால், நீ எங்கள் ஆள் இல்லை என்று பொருள். அணியதிபர் ஒருவர் பதவி விட்டுப் போகும் நாளில் மேட்டுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். மேடு நின்றபடி அவர் பெயரை மூன்று முறை கூவினால் வாசலில் அவருக்குச் சிலை வைக்கப்படும். மேடு உட்கார்ந்துவிட்டால், வந்த வழியே பேசாமல் போய்விட வேண்டும்.

அந்தக் கூவலைத் தொடங்கிவைக்கிறவள் ஆவுடை. அவள் தொண்டையைத் திறந்தால் எதிரணி கோல்கீப்பர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். கொடிக்கம்பத்துக்கு வலப்பக்கம் அவள் நிற்பாள். அவளுக்கு இடப்பக்கம், கம்பத்தை ஒட்டி, அவள் கணவர் மாசிலாமணி நிற்பார். அவர் அதிர்ந்து பேசாதவர். ரசம் இன்னொரு கரண்டி வேண்டுமென்றால்கூடத் தட்டைத்தான் பார்ப்பார், வாய் திறக்கமாட்டார். அவருக்கும் பின்னால் டீக்கடை காசிம்மீரான், எந்தப் பருவத்திலும் கையில் ஒரு குடையோடு நிற்பார்.

மேட்டுத்திடல் தன் வாழ்நாளில் ஒரே ஒரு கோப்பையை வென்றது. அது ஓர் ஐப்பசி மாதத்துச் சாயங்காலம். எதிரே அக்கரை நாட்டு அணி. மைதானத்தில் புல் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருக்கையில், உருண்டு வந்த பந்து அக்கரைக் கோலுக்கு முன்னால் ஒரு குட்டையில் நின்றுவிட்டது. அது உருண்டு தன் கைக்கு வரும் என்று கோல்கீப்பர் நம்பிக்கையோடு காத்திருந்தான். மேட்டுத்திடலின் இடங்கால் ஆட்டக்காரன் ஏசுவடியான் ஓடி வந்து குட்டையையும் பந்தையும் சேர்த்து உதைத்தான். இரண்டும் கோலுக்குள் போயின.

அதன்பிறகு மேட்டில் நடந்ததை யாராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஆவுடைக்கு ஒன்று மட்டும் நன்றாக நினைவிருந்தது. மாசிலாமணி அலறினார். அலறிக்கொண்டே அவள் இடுப்பைப் பிடித்து ஊர் முன்னிலையில் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார். இறக்கிய பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது. வெட்கத்தோடு பின்னால் திரும்பிப் பார்த்தார். காசிம்மீரான் மிகவும் நாகரிகமாகத் தன் குடைக்கம்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போய் அடுத்த சில நாள் மாசிலாமணி சோறு வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் கேட்டார். ஆவுடையின் வாழ்க்கையில் அதைவிட நல்ல சாயங்காலம் ஒன்று வரவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஈர மண்ணின் வாசனை வரும்.

மைதான வாசலில் ஒரு கல்வெட்டு உண்டு. "அணியதிபர் வச்சிரகாந்தரின் பொன்னாட்சியில், இரண்டாம் ஆண்டு, கோப்பை வெல்லப்பட்டது" என்று அது சொல்லும்.

வச்சிரகாந்தரின் பொன்னாட்சி ஏறக்குறைய இருபது ஆண்டு நீடித்தது. நின்று பார்ப்பவர்களின் முழங்கால் தேய்வதை எண்ணி உள்ளம் தேய்ந்த அவர், மேடு முழுவதும் நாற்காலி போட்டு, நிற்பதைக் குற்றமாக்கினார். நாற்காலிகள் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டதால் அண்ணன் தெற்கேயும் தம்பி வடக்கேயும் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். ஆவுடைக்கு ஒரு தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. மாசிலாமணி நின்ற இடத்தில் படிக்கட்டு வந்தது.

பிறகு அணியின் பச்சைச் சட்டை அவர் ஜாதகத்துக்கு ஆகாது என்று பொன்னிறமாயிற்று. பச்சை உடுத்தி வந்தவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். கண்டபடி கூவுவது நாட்டின் மதிப்புக்கு இழுக்கு என்பதால், பலகையில் விளக்கு எரியும்போது மட்டும் கூவ வேண்டும் என்று ஆணை வந்தது. விளக்கு போடுகிறவர் அரசரின் மைத்துனர். அவருக்குக் கால்பந்து தெரியாது. ஆகவே எதிரணி போட்ட பல கோல்களுக்கு மேட்டுத்திடல் மக்கள் எழுச்சியோடு கைதட்டினார்கள். கடைசியில், பந்து தேய்ந்துவிடக் கூடாதென்று அதை அரண்மனையில் வைத்துப் பூட்டினார்கள். சனிக்கிழமை மட்டும் வெளியே வரும். மற்ற நாட்களில் ஆட்டக்காரர்கள் பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு பயிற்சி செய்தார்கள். நினைப்பில் அவர்கள் தோற்றதே இல்லை.

முணுமுணுப்பு கேட்கும்போதெல்லாம் கோப்பையைத் தேரில் ஏற்றி வீதிவலம் விட்டார்கள். எல்லா வீட்டுக்கும் லட்டு கொடுத்தார்கள். முணுமுணுப்பு அடங்கிவிடும்.

இப்படியிருக்கையில், மேற்கே ஒரு பெரிய தேசத்தின் அணி விலைக்கு வந்தது. வச்சிரகாந்தருக்கு அது பிடித்துப்போயிற்று. மேட்டுத்திடலை யாரோ ஒரு சீமானுக்கு விற்றுவிட்டுக் கிளம்பத் தயாரானார். புகழ்த்துறை அமைச்சர் மகுடேசர் முரசறைந்து அறிவித்தார்: "மக்கள்மீது கொண்ட மாறாக் கருணையினால், விடைபெறும் நாளன்று மட்டும் நாற்காலிகள் அகற்றப்பட்டு, மேட்டில் நிற்பதற்கு அனுமதி வழங்கப்படுகிறது."

ஊரே கண் கலங்கியது. பிடுங்கிக்கொண்டதை ஒரு நாளைக்கு இரவல் கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். முந்தைய நாள் காசிம்மீரான் டீக்கடையில் கூடி, நிற்பதா உட்காருவதா என்று விவாதித்தார்கள். அரிசிமண்டி சேர்மக்கனி நிற்கும் கட்சி.

"என்ன இருந்தாலும் கோப்பை வாங்கித் தந்த மனுசன்வே," என்றார்.

"நாற்காலியைப் போட்டு நம்மள முடக்குனது?" என்றார் காசிம்மீரான்.

"கோப்பை வாங்கித் தந்தாருல்லா."

"பச்சைச் சட்டையைப் பிடுங்குனது?"

"அதான் கோப்பை இருக்கே."

"பந்தையே கொண்டு பூட்டி வச்சது?"

சேர்மக்கனி யோசித்தார். "வேய், கோப்பை இல்லைன்னா நாம யாரு? அக்கரைக்காரன் மதிப்பானா?"

காசிம்மீரான் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார். எல்லோரும் ஆவுடையைப் பார்த்தார்கள். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவர் செஞ்சது எதுவும் எனக்குப் பிடிக்கலை அண்ணாச்சி. ஆனா அந்த ஒரு சாயங்காலத்தைக் குடுத்தாருல்லா. அதுக்காக நான் கூவிருவேன்," என்றாள். அத்தோடு விவாதம் முடிந்தது.

மறுநாள் மேட்டில் இரவு மழையில் நனைந்த மண் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். யாரும் யாருக்கும் வழி காட்டவில்லை. கால்கள் தத்தம் இடத்தைத் தாமாகவே கண்டுபிடித்தன. வடக்கே போன தம்பியும் தெற்கே போன அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் சிரித்தார்கள். பலர் சட்டைக்குள்ளே பச்சைப் பனியன் போட்டிருந்தார்கள். படிக்கட்டையும் பெயர்த்திருந்ததால் ஆவுடை தன் பழைய இடத்துக்கே வந்தாள். காசிம்மீரான் ஓரடி பின்னால் தள்ளி நின்றார். கம்பத்தை ஒட்டி ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

வச்சிரகாந்தர் கோப்பை ஏற்றிய தேரோடு மேட்டுக்கு முன்னால் வந்து கைகூப்பினார். அவர் கண்களில் உண்மையாகவே நீர் இருந்தது. மகுடேசர் கையை உயர்த்தினார். ஆவுடை மூச்சை இழுத்தாள். அவளையறியாமல் இடது கை பக்கவாட்டில் போய்த் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. அவள் இழுத்த மூச்சைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டாள்.

"கூவுங்கள் அம்மையே! நாடே காத்திருக்கிறது," என்றார் அமைச்சர்.

"கொஞ்சம் இருங்க. ஒண்ணு இடிக்கி," என்றாள் ஆவுடை. "இவரு பதவிக்கு வந்த அன்னைக்கு எங்க வீட்ல எழவு. அவுகளை நடுவீட்ல கெடத்தியிருக்கு. புது ராசா ஊர்வலம் வருது, அது தெருவைத் தாண்டுற வரைக்கும் அழுகையை நிறுத்தி வைங்கன்னு சேவகர் வந்து சொன்னாரு. நான் வாயில சேலையைத் திணிச்சிக்கிட்டு இருந்தேன். கொட்டுச் சத்தம் போனப்பறந்தான் அழுதேன்." அவள் காலியிடத்தைப் பார்த்தாள். "இவரு வந்து ரெண்டாம் வருசம் கோப்பைன்னா, அன்னைக்கு என் பக்கத்துல நின்னது யாரு?"

மேட்டில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அது யாருக்கும் புதுச் செய்தி அல்ல. கல்வெட்டு வைத்த புதிதில் எல்லோரும் சிரித்தவர்கள்தான். வந்தவர் ஏதோ ஆசைக்குப் போட்டுக்கொள்கிறார், போகட்டும் என்று லட்டை வாங்கிக்கொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, ஒருவேளை நமக்குத்தான் சரியாக நினைவில்லையோ என்று சந்தேகப்பட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவந்து ஒப்பித்தபோது அந்தச் சந்தேகமும் போய்விட்டது.

"தெரிஞ்சேவா இத்தனை நாள் சும்மா இருந்த?" என்று சேர்மக்கனி மெல்லக் கேட்டார்.

"எல்லாரும் ஒண்ணு போல சொல்லையில, நம்ம நினைப்புலதான் கோளாறுன்னு இருந்துட்டேன் அண்ணாச்சி."

அமைச்சர் மகுடேசர் அரசரின் காதில் பேசினார், அரசர் அமைச்சரின் காதில் பேசினார். பிறகு அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: "வரலாற்றில் பிழை நேர்ந்திருப்பது தெரியவந்துள்ளது. கல்வெட்டைத் திருத்துவது மரபன்று. ஆகவே, அம்மையாரின் கணவர் மாசிலாமணி, முன்னர் கருதப்பட்டதைவிட இரண்டாண்டுகள் பிந்தியே காலமானார் என்று இதனால் ஆணையிடப்படுகிறது. இத்தகைய ஆயுள் நீட்டிப்பு இந்நாட்டில் எவருக்கும் வழங்கப்பட்டதில்லை என்பதை அம்மையார் உணர வேண்டும்."

கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். நல்ல தீர்ப்புதான் என்று அவர்களுக்குத் தோன்றியது. ஆவுடை அமைச்சரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சந்தோசம் ஐயா," என்றாள். "அப்போ அந்த ரெண்டு வருசத்தை எனக்குக் குடுங்க."

"என்னது?"

"எம்மவ மொதமொதல்ல பள்ளிக்கூடம் போன அன்னைக்கு அவுக இருந்திருப்பாகல்லா? நான் மட்டுந்தான கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு தீவாளி வந்திருக்குமே. அவுக தலையில நான் எண்ணெய் வச்சிருப்பேனே. அதையெல்லாம் குடுங்க. குடுத்தா நிக்கேன். ஒங்க ராசா பேரை மூணு தடவை இல்ல, முந்நூறு தடவை கூவுதேன்."

மகுடேசர் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர். அன்று அவர் தன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

காசிம்மீரான் பின்னாலிருந்து பேசினார். "அந்த ரெண்டு வருசமும் அவரு இங்க இல்லை. அவரு நின்ன இடத்துல யாரும் நின்னுரக் கூடாதுன்னு என் குடையை ஊணி வச்சிருந்தேன். நாற்காலி போட வந்தவந்தான் அதைப் புடுங்கி எறிஞ்சான்."

ஆவுடை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இரண்டு ஆண்டும் அவர் குடையைக் கம்பத்தோரம் ஊன்றிவைத்தது கை வலிக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. இந்தமுறை யாருக்காகவும் அவள் அதை நிறுத்தி வைக்கவில்லை. அழுதுகொண்டே ஈரமண்ணில் உட்கார்ந்தாள். காசிம்மீரான் குடையைக் காலியிடத்தில் ஊன்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சேர்மக்கனி நெடுநேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். உச்சியிலிருந்து அடிவாரம் வரை மேடு உட்கார்ந்தது.

வச்சிரகாந்தர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். மகுடேசர்தான் அவரைக் காப்பாற்றினார். "அதிபரே, கவனித்தீர்களா? நாற்காலி போட்டு, அபராதம் போட்டு, இவர்களை உட்காரவைக்க நாம் இருபது ஆண்டு பாடுபட்டோம். இன்று நாற்காலி இல்லாமலே உட்காருகிறார்கள். எந்த அதிபருக்குக் கிடைத்தது இப்படியொரு விசுவாசம்?" என்றார். அரசர் விம்மினார். அடுத்த வாரமே கையில் கோப்பையோடு அவருக்குச் சிலை எழுந்தது. உட்கார வேண்டும் என்பதே மக்களின் விருப்பம் என்பது உறுதியானதால், நாற்காலிகளும் பழைய இடத்துக்கே வந்துசேர்ந்தன.

தை மாதத்தில் புதிய அணியதிபர் பதவியேற்றார். அதே மாதத்தில் வாசல் கல்வெட்டைத் துணியால் மூடினார்கள்; பழைய அணியதிபரின் பெயரைச் செதுக்கி எடுக்கும் உளிச்சத்தம் உள்ளிருந்து கேட்டது. ஒருநாள் காலையில் புகழ்த்துறையிலிருந்து ஓர் அதிகாரி ஆவுடையின் வீட்டுக்கு வந்தார். மிகவும் மரியாதையானவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, தங்கள் கணவர் இந்தத் தை மாதம்வரை உயிரோடிருந்தால் நாட்டுக்குப் பேருதவியாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார்.

ஆவுடை அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"அவுக மேட்டுக்குப் போயிருக்காக," என்றாள். "வந்ததும் கேட்டுச் சொல்லுதேன்."