டூரீன் அடுப்புப் புகை

“பாஸ்டனை எடுக்கணுமா? சார், இது கரும்பலகை இல்ல, கருங்கல்லு. டஸ்டரால துடைச்சாப் போகாது.”

கல்லில் எழுத்து வெட்டுகிற மாலக்கி டர்க்கன் உளியைக் கீழே வைத்துவிட்டு ஃபின்டன் ஹெரட்டியை ஏற இறங்கப் பார்த்தான். அயர்லாந்தின் மேற்குக் கடலோரம் டூரீன் பள்ளிக்கூடத்தில் நாற்பது வருஷம் பிரம்பும் கையுமாக நின்ற மனிதர், தன்னிடம் படித்த பயல் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது அதுதான் முதல் தடவை.

“எடுத்துடுப்பா. காரணம் கேக்காதே.”

“ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. இன்னிக்குச் செவ்வாய். காரணம் கேக்காம எப்படி சார்?”

ஃபின்டன் சுற்றுமுற்றும் பார்த்தார். தூறலையும் இரண்டு ஆடுகளையும் தவிர யாருமில்லை. “பாஸ்டன்ல அப்படி ஒரு ஆளே இல்லையாம்.”

கல்லில் ஏற்கெனவே அழகாக வெட்டியாகிவிட்டது. ‘மார்ட்டின் ஹெரட்டி 1889ஆம் ஆண்டு இந்தக் கரையை விட்டு, அட்லாண்டிக் கடலைக் கடந்து, பாஸ்டன் நகரில் இந்தப் பாடலைக் கட்டினான்.’

மார்ட்டின், ஃபின்டனின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தம்பி. அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போகிறவன் திரும்பி வரமாட்டான் என்பதால், புறப்படும் முன் ஊரே கூடி உயிரோடு இருப்பவனுக்கே இழவு விருந்து வைத்துவிடும். மார்ட்டினுக்கும் வைத்தார்கள். அம்மா ஒப்பாரி வைத்தாள். பக்கத்து வீட்டார் கம்பளிக் கோட்டு கொடுத்தார்கள். அண்ணன் தன் வெள்ளிக் கடிகாரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மார்ட்டின் போனான். நாலு வருஷம் கழித்து, ஊர் ஊராகச் சுற்றி ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் ஒரு தகரக்காரன் வழியாகப் பாட்டு மட்டும் வந்து சேர்ந்தது.

‘கடலெல்லாம் நடுவிருக்க, அம்மா உன் அடுப்புப் புகை
காலையிலே எழும்புவது கண்ணெதிரே தெரியுதம்மா.’

இந்த இடத்தில் அழாதவன் டூரீனில் பிறக்கவில்லை. மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனுக்குப் புகை எப்படித் தெரியும் என்று வகுப்பில் எந்தப் பிள்ளையாவது கேட்டால், “அது அகக்கண்ணுடா!” என்பார் ஃபின்டன். ஆறாவது சரணத்தில் டூரீன் மாதா கோயில் மணி வேறு கேட்கும். “அது அகச்செவி. உக்காரு.”

கல்யாணமோ சாவோ, ஃபின்டன் எழுந்து தொண்டையைச் செருமினால் ஊர் அடங்கிவிடும். அவருக்கு வேறு பெருமை கிடையாது. கால்பந்து வராது, வயலின் வராது, உருளைக்கிழங்குகூட ஒழுங்காக விளையாது. அந்தப் பாட்டுதான் அவர்.

ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு பாட்டு ஒருவருடையது என்றால், அவர் உயிரோடு இருக்கும்வரை இன்னொருவர் வாய்திறக்கக் கூடாது. வளைகுடாவுக்கு எதிர்க்கரையில், நாலு மைலில் இருக்கும் ரின்பெக் ஊரில், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற டீலியா கானனும் அதே பாட்டைத் தன் பாட்டு என்று பாடிவந்தாள். அதுவும் ஒரு சரணம் கூடுதலாக, ஏழு சரணம். இருவரையும் அழைத்த வேற்றூர்க் கல்யாணங்களில் ஒருவர் பாடும்போது இன்னொருவர் கொட்டும் மழையில் முற்றத்தில் போய் நிற்பார். மற்றபடி இரண்டு ஊருக்கும் கொள்ளுத்தாத்தாக்களுக்கும் முந்தைய ஒரு மீன்வலைச் சண்டையிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. டூரீன்காரன் நரகத்துக்குப் போனாலும் போவான், ரின்பெக்குக்குப் போகமாட்டான்.

கல் நடுகிற சேதி கேட்டு, மூன்று வாரம் முன்பு டீலியாவின் தம்பி கோல்மன் ஃபோன் செய்தான். ரின்பெக்கில் மதுக்கடை வைத்திருப்பவன். வாய்க்குப் பூட்டில்லாதவன்.

“யோவ் வாத்தியாரே, அது எங்க தாத்தா கட்டின பாட்டு. அவர் அடுப்பங்கரையில உக்காந்து பாடினதை எங்க அக்கா காதால கேட்டிருக்கா.”

“உங்க தாத்தா எங்க பாட்டைத் திருடியிருப்பாரு. மீன் திருடின பரம்பரைதானே!”

“ஆதாரம் இருக்கா?”

“காட்டறேன்.”

“காட்டு. காட்டிட்டா எங்க அக்கா இனிமே பாடமாட்டா. காட்டலைன்னா நீ சாகிறவரைக்கும் அந்தப் பாட்டுக்கு வாய் திறக்கக் கூடாது. சம்மதமா?”

கோபத்தில் ஃபின்டன் சம்மதித்துவிட்டார். ஃபோனை வைத்த பிறகுதான் யோசித்தார். அந்தப் பாட்டு போனால் தன்னிடம் என்ன மிச்சம்?

உடனே பாஸ்டனில் இருக்கும் அயர்லாந்துக்காரர் சங்கம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். மார்ட்டினின் கல்லறை எங்கே, ஒரு படம் பிடித்து அனுப்ப முடியுமா என்று. செவ்வாய்க்கிழமை காலையில் பதில் வந்தது. எந்தப் பதிவேட்டிலும் அப்படியொரு பெயர் இல்லை, மன்னிக்கவும். ஆனால் பாட்டின் கதை எங்களை உருக்கிவிட்டது, திறப்பு விழாவுக்கு முப்பத்தொரு பேர் விமானமேறி வருகிறோம்.

“முப்பத்தொரு பேரா!” என்றாள் மனைவி பிரீட். “ஃபின்டன், நீ கல்லறை கேட்டியா, விருந்துக்குக் கூப்பிட்டியா? ஹாம் சாண்ட்விச் யாரு பண்றது? உன் அகக்கை பண்ணுமா?”

பாஸ்டன் கல்லிலிருந்து போயிற்று. “நியூயார்க்ல இறங்கியிருப்பான்,” என்று மாலக்கியிடம் சமாதானம் சொல்லிவிட்டு, மறுநாள் மாவட்ட நூலகத்துக்குப் போனார். பழைய கப்பல் பட்டியல்கள் அங்கே இருந்தன. நூலகத்துப் பெண் மிகவும் உதவியாக இருந்தாள். அரை மணியில் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மார்ட்டின் ஹெரட்டி, வயது இருபத்திரண்டு, டூரீன். பயணச்சீட்டு வாங்கியிருக்கிறான். பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு வார்த்தை: வரவில்லை.

நாற்பது வருஷம் வருகைப் பதிவேடு வைத்திருந்தவருக்கு அதற்கு அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆப்சென்ட்!

“இது நமக்குள்ளயே இருக்கட்டும்மா,” என்றார், பட்டியலை மூடிக்கொண்டே.

“சேச்சே, நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் சார்,” என்றாள் அவள். அவள் அம்மா ரின்பெக்காரி என்பது அவருக்குத் தெரியாது. சாயங்காலமே ஃபோன் மணி அடித்தது.

“வாத்தியாரே, கப்பலே ஏறாதவனுக்குக் கல்லா?” கோல்மனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஞாயித்துக்கிழமை நாங்க நாப்பது பேரு வரோம். புல்லாங்குழல் பேண்டும் வருது. பிரீட் கிட்ட சாண்ட்விச் கூடப் போடச் சொல்லு.”

வியாழனன்று மாலக்கி இரண்டாம் தடவை உளியை எடுத்தான். “அட்லாண்டிக்கும் போகணுமா?”

“போகணும்.”

“இப்படியே போனா ஞாயித்துக்கிழமைக்குப் பேரு மட்டும்தான் சார் மிஞ்சும். பேசாம நானே ஒரு ஓட்டையா போட்டுடட்டுமா? அந்தப் பக்கம் கடலாவது தெரியும்.”

அன்று ஃபின்டன் சாப்பிடவில்லை. பிரீட் நூற்றிருபது துண்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: “அந்த டீலியாகிட்ட நேராப் போய்க் கேட்டா என்ன? பாட்டு அவகிட்டயும்தானே இருக்கு. அவளுக்கு யார் கொடுத்தாங்கன்னு கேளு.”

“ரின்பெக்குக்கா? நானா?”

“முப்பத்தொரு அமெரிக்காக்காரங்க முன்னால மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னு யோசிச்சிட்டிருக்கே. ரின்பெக்ல கொண்டு போய் வெச்சுக்கோ, போ.”

வெள்ளிக்கிழமை முப்பது மைல் வளைகுடாவைச் சுற்றிக் காரோட்டிக்கொண்டு போனார். டீலியா பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயது, ஆணின் மழைக்கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். டூரீன்காரர் ஒருவர் வாசலில் நிற்பதைப் பார்த்து வாளியையே நழுவவிட்டாள்.

“அட, இன்னிக்கு மழை நின்னுடும் போலிருக்கே! உள்ள ஏறி உக்காருய்யா வாத்தியாரே.”

ஃபின்டன் பஸ்ஸில் குழந்தைகள் சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பந்தயத்தைச் சொன்னதும் டீலியாவின் முகம் சிவந்தது.

“என் பாட்டை என்னைக் கேக்காம அவன் பந்தயம் வெச்சானா? சாராயம் ஊத்தறவனுக்கு அவ்வளவு கொழுப்பா! வீட்டுக்கு வரட்டும், இருக்கு.”

“உங்களுக்கு இந்தப் பாட்டு யாரு கொடுத்தது? அதை மட்டும் சொல்லுங்க.”

டீலியா ஸ்டியரிங்குக்கு மேல் சங்கிலியில் தொங்கிய ஒரு பழைய கடிகாரத்தைப் பார்த்தாள். அது பத்து நிமிஷம் பின்னால் ஓடுவது என்பதால் ரின்பெக் பிள்ளைகள் தினமும் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் பள்ளிக்கூடம் போவார்கள்.

“பாட்டைப் பத்திப் பேசற வழக்கம் எங்க வீட்டுல இல்ல. பாடத்தான் செய்வோம். நீ வந்து கேட்டுட்டே, அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து ஏழு சரணமும் பாடறேன். போதுமா?”

வீடு திரும்புகிற வழியில் பாதியில்தான் அவருக்கு உறைத்தது. ஆதாரம் கேட்கப் போய், எதிரியையே மேடைக்கு அழைத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்துப் பளிச்சென்று இருந்தது. அதுவே துர்ச்சகுனமாகப் பட்டது அவருக்கு. பாஸ்டன்காரர்கள் முப்பத்தொரு பேரும் பச்சை மழைக்கோட்டில் வந்து இறங்கி, ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்துக் கண்கலங்கினார்கள். பத்து நிமிஷம் தாமதமாக டீலியாவின் பஸ் வந்தது. பேண்டு வாசித்துக்கொண்டே கோல்மன் கூட்டம் இறங்கியது. நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு டூரீன் மண்ணை மிதித்த ரின்பெக்காரர்கள் நேராக சாண்ட்விச் மேஜைக்குப் போனார்கள்.

திரை விலகியது. எல்லாரும் கல்லைப் படித்தார்கள். நடுநடுவே சுரண்டிய பள்ளங்களோடு அது இப்படி நின்றது: ‘மார்ட்டின் ஹெரட்டி 1889ஆம் ஆண்டு இந்தக் கரையை விட்டு, கடலைக் கடந்து, இந்தப் பாடலைக் கட்டினான்.’

“எந்தக் கடல்யா?” என்று கோல்மன் வாயில் ரொட்டியோடு கத்தினான். “எந்த ஊரு? ஆதாரம் எங்க?”

“கோல்மன், வாயில இருக்கறதை முழுங்கு,” என்றாள் டீலியா. “நான் பாடணும்.”

பாடுகிறவரின் கையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொண்டு, பாட்டோடு மெல்லச் சுழற்றிக் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. டீலியா தம்பியிடம் கையை நீட்டவில்லை. ஃபின்டனிடம் நீட்டினாள். அவர் திகைத்துப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

கண்ணை மூடிப் பாடினாள். ஃபின்டன் இத்தனை வருஷமும் இந்தப் பாட்டைப் பாடித்தான் இருக்கிறார்; இன்னொருவர் வாயால் முழுதாகக் கேட்டதில்லை. அந்த நேரமெல்லாம் முற்றத்தில் மழையில் நின்றிருக்கிறார். புகை வந்த இடத்தில் அவருக்கே அழுகை வந்துவிட்டது. பந்தயமும் கல்லும் மறந்துபோய்க் கையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஆறாவது சரணத்தில் மணி அடித்தது. பிறகு டூரீனில் யாரும் கேட்டிராத ஏழாவது சரணம்:

‘உன் கரையின் துடுப்போசை கேட்டாலே ஒளிந்துகொள்வேன்,
அண்ணன் தந்த கடிகாரம் அது மட்டும் அறியுமம்மா.’

பாஸ்டன்காரர்கள் கைக்குட்டைகளை எடுத்தார்கள்.

“துடுப்போசையா?” என்றார் ஃபின்டன் மெதுவாக. “டூரீன் படகோட துடுப்பு அமெரிக்காவுல எப்படிக் கேக்கும்?”

“அகச்செவியா இருக்கும் சார்,” என்றான் பின்னாலிருந்து மாலக்கி.

டீலியா கல்லருகே போய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தாள். “ரொம்பச் சரியா இருக்கு. இனிமே ஒரு எழுத்துல கை வைக்காதே,” என்றாள் மாலக்கியிடம்.

“என்னக்கா சரி?” கோல்மன் துள்ளினான். “அதுல ஹெரட்டின்னு இருக்கு! தாத்தாவை விட்டுக் கொடுத்துட்டியே!”

அவள் மழைக்கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். பஸ்ஸில் தொங்கிய அந்த வெள்ளிக் கடிகாரம் வெளியே வந்தது. அதை ஃபின்டனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்:

“கப்பலைக் கண்டதும் தாத்தாவுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஊரே அழுது அனுப்பின பெறகு மறுநாளே எந்த மூஞ்சியோட வீட்டுக்குத் திரும்பறதுன்னு, இந்த வளைகுடாவைத் தாண்டி, டூரீன்காரன் காலடியே படாத எங்க ஊர்ல வந்து வேற பேர்ல ஒளிஞ்சுக்கிட்டாரு, அறுபது வருஷமா எங்க அடுப்பங்கரை ஜன்னல்ல உக்காந்து உங்க வீட்டுப் புகையைத்தான்யா பாத்துட்டிருந்தாரு!”