சீதளானந்தரும் மூன்று பாட்டில் இட்லி மாவும்

ஐதராபாத்தில் நாற்பத்து நான்கு டிகிரி அடித்த அந்த மே மாதத்தில், வெயிலிலிருந்து தப்பிப்பதற்காக மக்கள் வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார்கள்.

ராமச்சந்திராபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் வாசலில் தொடங்கிய வரிசை, மெயின் ரோடு வரை போய் வளைந்து நின்றது. மல்காஜ்கிரியிலிருந்து இரண்டு பஸ் நிறைய வந்திருந்தார்கள். கச்சிபௌலியிலிருந்து கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு கேப் பிடித்து வந்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கே கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள்! உள்ளே ஸ்ரீ சீதளானந்த சுவாமிகள். இமயமலையில் பன்னிரண்டு ஆண்டுகள் பனிக்குள் உட்கார்ந்து, அந்தக் குளிர்ச்சியை அப்படியே விரல் நுனியில் இறக்கிக்கொண்டு வந்தவராம். அவர் விரலால் 'ஹிம சந்தனம்' தொட்டு நெற்றியில் இட்டால் போதும், மண்டையிலிருந்து முதுகு வரை ஜில்லென்று இறங்கும். இறங்கியதா என்று கேட்டால், இறங்கத்தான் செய்தது. அங்கேதான் சுவாமியின் சாமர்த்தியம்.

வரிசையில் அன்று இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். "கர்மா கரைகிறது" என்றார்கள் தொண்டர்கள். சுவாமியின் கார் மட்டும் மண்டபத்துப் பின்பக்கம் நாள் முழுக்க எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. ஏசி அணையக் கூடாதே!

அந்த வரிசையில் மூன்றாம் நாளாக நின்று, சந்தனமும் கழுத்துக்குச் செப்புத் தகட்டு ரட்சையும் வாங்கி வந்தவர் வெங்கட்ரமணன். தொழிற்சாலையில் முப்பது வருடமாக உலைப் பிரிவில் வேலை; இப்போது ஒரு மாத லீவு. இரும்பு எத்தனை டிகிரியில் சிவக்கும், எத்தனை டிகிரியில் வெளுக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தொழிற்சாலை கேட்டைத் தாண்டியதும் அந்த அறிவை டிபன் பாக்ஸோடு பையில் போட்டு மூடிவிடுவார்.

அவர் மனைவி மாதங்கிக்கு இப்போது ஒரே கவலைதான். மனிதருக்கு ரத்த அழுத்தம். ஐம்பத்தெட்டு வயது. ரட்சை வந்த நாளிலிருந்து குடை பரணுக்குப் போய்விட்டது, தொப்பி பீரோவுக்குப் போய்விட்டது. காலையில் ஏழு மணிக்குள் முடித்த வெளிவேலையெல்லாம் நட்டநடு மத்தியானத்துக்கு மாறிவிட்டது.

"ஏன்னா, மணி ஒண்ணு. இப்பவா காஸ் ஆபீசுக்குப் போகணும்?"

"ரட்சை இருக்குடி. எனக்கென்ன?"

"தண்ணி பாட்டிலாவது எடுத்துண்டு போங்கோ."

"நக்கோ, வேண்டாம். தண்ணி எடுத்துண்டு போனா ரட்சையை நம்பலைன்னு அர்த்தமாம். சுவாமி கண்டிப்பாச் சொல்லியிருக்கார்."

போய்விட்டு வந்தவர் முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. படியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் மூச்சு வாங்கினார். பிறகு சந்தன டப்பாவைத் திறந்து நெற்றியில் இழுத்துக்கொண்டு, "ஆகா! பாத்தியா?" என்றார்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கமலா தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சினாள். பன்னிரண்டு வருடமாகத் தமிழ் வீடுகளில் வேலை செய்து தமிழ் பேசக் கற்றவள்.

"அம்மகாரு, இது சந்தனமா? தலைவலித் தைலம் வாசனை அடிக்குதே!"

"வேலையைப் பாரு கமலா," என்றார் வெங்கட்ரமணன். படிக்காதவள் மூக்கை யார் மதிக்கிறார்கள்?

அவர் தன் உடம்போடு நின்றிருந்தால்கூடச் சரி. ஆனால் அவர் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். சுவாமி கொடுத்த பெரிய யந்திரத் தகடு ஒன்றை வாசல் கேட்டில் மாட்டினார். மேலே நிழல் இருந்தால் யந்திரம் சூரியனோடு நேருக்கு நேர் மோத முடியாதாம். அதனால் காவலாளி நாற்காலிக்கு மேல் கட்டியிருந்த பச்சை வலையை அவிழ்த்தார். ஈரத்துணி சுற்றி வைத்திருந்த மண்பானையையும் எடுத்தார். டெலிவரி பையன்களும், தபால்காரரும், காவலாளி பழனிசாமியும் தண்ணீர் குடித்த பானை அது. யந்திரம் இருக்கும்போது பானை எதற்கு?

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு பழனிசாமி நாற்காலியோடு சாய்ந்தார்.

மாதங்கியும் கமலாவும்தான் ஓடிப்போய் நிழலுக்கு இழுத்தார்கள். சட்டையை அவிழ்த்து, ஈரத்துணி போட்டு, விசிறி, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். தர்மபுரிப் பக்கத்து மனிதர், கட்டிலில் படுத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, அந்த வலையும் பானையும் இருந்தா எனக்கு எந்தச் சாமியும் வேணாம்மா."

சேதி சுவாமியின் காதுக்குப் போனது. "யந்திரம் இல்லாதிருந்தால் உயிரே போயிருக்கும்" என்று பதில் வந்தது. அதைக் கேட்டு வெங்கட்ரமணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாதங்கிக்கு வந்த கோபத்துக்கு வெளியே அடித்த வெயில் ஒன்றுமே இல்லை. நாளைக்கு இந்த மனிதர் ரோட்டில் விழுந்தாலும், எழுந்தால் ரட்சையின் பெருமை, எழாவிட்டால் விதி என்று சொல்லிவிடுவார்களே!

வீட்டுத் தெர்மாமீட்டரை எடுத்து வந்து நீட்டினாள். "சந்தனம் பூசறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பூசினப்புறம் ஒரு தடவை பாருங்கோ."

"இது ஸ்தூல உஷ்ணம் பார்க்கற கருவி. சுவாமி இறக்கறது சூட்சும உஷ்ணம்."

உலைப் பிரிவுக்காரர் பேசுகிற பேச்சா இது? தெர்மாமீட்டர் தோற்றுப்போனது. மாதங்கி அதை உறையில் போட்டுவிட்டு, சுவாமியின் விளம்பர நோட்டீசை எடுத்து நிதானமாகப் படித்தாள். அடுத்த சனிக்கிழமை அவர்கள் அடுக்ககத்து ஹாலிலேயே 'சீதள மகா பூஜை'. அதில் ஒரு வரி: 'சுவாமிகளின் மண்டலத்துக்குள் வெப்பம் நுழையாது. வைத்த பால் திரியாது, வைத்த பூ வாடாது.'

மாதங்கி நோட்டீசை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த வீட்டில் சனிக்கிழமைகளில் மாவு அரைப்பது வெங்கட்ரமணன் பொறுப்பு. ஊறிய அரிசியைக் கழுவி, உளுந்தைப் பொங்கப் பொங்க அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலப்பது வரை அவர்தான். மனைவியை நம்பிக்கூட அந்த வேலையைக் கொடுக்கமாட்டார். ஐதராபாத் மே மாதத்தில் காலையில் கலந்த மாவு மத்தியானத்துக்குள் பொங்கி, சாயங்காலம் பல்லைக் கூசவைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அன்று காலை எட்டு மணிக்கு அவர் கலந்த மாவையே, கழுவிய மூன்று ஊறுகாய் பாட்டில்களில் பாதி அளவுக்கு ஊற்றினாள் மாதங்கி. மாவு நின்ற மட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டாள். வாயை மெல்லிய துணியால் கட்டினாள்.

"என்னடி இது?"

"சுவாமிகிட்ட ஆசீர்வாதம் வாங்கத்தான். பொங்காம இருந்தா நானும் சந்தனம் பூசிக்கறேன், ரட்சை கட்டிக்கறேன், வரிசையிலயும் நிக்கறேன். பொங்கினா நீங்க குடையை எடுக்கணும், வலையைக் கட்டணும், பானையை வைக்கணும். சரியா?"

"சரி! சரி!" என்றார் பக்தர். மனைவி மனம் திருந்துகிறாள் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தகரக் கூரை போட்ட ஹாலில் முந்நூறு பேர். நடுவில் வண்ணப்பொடியில் மண்டலம், சுற்றிலும் நூற்றெட்டு விளக்கு, நடுவே சுவாமிகள். வெப்பத்தை விரட்ட எதற்கு நூற்றெட்டு விளக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மாதங்கி நோட்டீசைக் காட்டி, பாட்டிலைப் பணிவாக நீட்டினாள்.

"பால் திரியாதுன்னு போட்டிருக்கு சுவாமி. மாவு புளிக்குமா?"

முந்நூறு பேர் பார்க்கும்போது சுவாமி என்ன சொல்வார்? "மாவு என்ன அம்மா! மண்டலத்துக்குள் மரணமே புளிக்காது!" என்றார். அர்த்தம் யாருக்கும் புரியவில்லை. கைதட்டல் மட்டும் காதைப் பிளந்தது. ஒரு பாட்டில் மண்டலத்துக்குள் போனது. இன்னொன்றை மாதங்கி மண்டலத்துக்கு வெளியே, அதே ஹாலில் ஒரு ஸ்டூலில் வைத்தாள். மூன்றாவதைக் கமலா கொண்டு போய், கேட்டுக்கு உள்ளே தள்ளி நின்ற வேப்பமர நிழலில், தண்ணீர் ஊற்றிய மண்தொட்டிக்குள் வைத்து ஈரத்துணி சுற்றினாள். துணி காயக் காயத் தண்ணீர் தெளிப்பது, இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் திரும்பிய பழனிசாமியின் வேலை.

பூஜை நடந்தது. எல்லோரும் சுவாமியைப் பார்த்தார்கள். மாதங்கி ரப்பர் பேண்டைப் பார்த்தாள்.

பதினொரு மணிக்கு மண்டலத்து மாவு ரப்பர் பேண்டைத் தாண்டியது. பன்னிரண்டுக்கு ஒரு விரற்கடை ஏறியது. முன்வரிசையில் இருந்தவர்கள் மந்திரத்தை மறந்துவிட்டு பாட்டிலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒன்றரை மணிக்கு, சுவாமி "ஓம் சீதளாய" என்று கையை உயர்த்திய நேரத்தில், மாவு துணியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்து, மண்டலத்தின் வடகிழக்கு மூலையை அழித்துக்கொண்டு ஓடியது. ஸ்டூலில் இருந்த பாட்டிலோ அப்போதுதான் கழுத்தைத் தொட்டிருந்தது. விளக்குச் சூட்டில் சுவாமியின் மாவு முந்திக்கொண்டது!

ஹாலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. சுவாமி கண்ணை மூடித் திறந்தார்.

"மாவில் குற்றமில்லை. அரைத்த கையில் குற்றம். பக்தியில்லாத கை. நம்பிக்கையில்லாத நெஞ்சு. பாவம் படிந்த விரல்களால் அரைத்த மாவு இமயத்திலும் புளிக்கும்!"

கூட்டம் மாதங்கியை முறைத்தது. அவள் தன் கணவரை மட்டும் பார்த்தாள்.

வெங்கட்ரமணன் மெல்ல எழுந்தார். நெற்றி நிறையச் சந்தனம், கழுத்தில் ரட்சை.

"சுவாமி, அரைச்சவன் நான்."

"நீயா?"

"நான்தான். மூணு நாள் வெயில்ல நின்னு உங்ககிட்ட ரட்சை வாங்கினவன். ஒரு வேளை விடாம பூசினவன். ஒரு மனுஷனோட தண்ணிப் பானையை எடுத்தவன். எனக்கே பக்தி போதாதுன்னா, இங்க யாருக்குய்யா போதும்?"

சுவாமிக்கு எட்டு மொழியில் வாங்கத் தெரியும். இப்போது அவர் கண் பின்பக்கக் கதவைத்தான் தேடியது.

அப்போது கமலா உள்ளே வந்தாள். கையில் மூன்றாவது பாட்டில். மாவு ரப்பர் பேண்டைவிட்டு அரை விரல்கூட ஏறவில்லை. பின்னால் பழனிசாமி, கையில் சொட்டும் ஈரத்துணியோடு.

"மந்திரம் ஒண்ணும் சொல்லல சார்," என்றார் அவர். "நிழலும் தண்ணியும்தான்."

இனி நிறுத்த முடியுமா? மாதங்கி பையிலிருந்து கடைச் சந்தனப் பொடியையும் தலைவலித் தைலத்தையும் எடுத்தாள். இரண்டையும் குழைத்துக் கணவரின் வலக் கையில் தடவினாள். இடக் கையில் சுவாமியின் டப்பாவிலிருந்து தடவினாள்.

"எது ஜில்லுனு இருக்கு?"

"ரெண்டும்," என்றார் வெங்கட்ரமணன். பிறகு சட்டைப் பையிலிருந்து அவரே தெர்மாமீட்டரை எடுத்தார்! காலையிலேயே எதற்கோ எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார் மனிதர். சுவாமியின் சந்தனம் பூசிய கையின் கக்கத்தில் வைத்துப் பார்த்தார், பூசாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் வைத்துப் பார்த்தார். ஒரே அளவு. "புதினா உப்பு. சூட்டை இறக்காது. சூடு இறங்கின மாதிரி தோலை ஏமாத்தும். நெருப்புப் பக்கத்துல நிக்கறவனுக்கு நெருப்பு தெரியாமப் பண்ணினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் அதுதானே பார்த்தேன்!"

கூட்டம் எழுந்தது. சுவாமி அதற்கு முன்பே எழுந்துவிட்டார். காரின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததன் உபயோகம் அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. ஆனால் முந்திக்கொண்டு கேட்டுக்கு ஓடிய பழனிசாமி சங்கிலியைப் போட்டுப் பூட்டிவிட்டு, போலீஸ் வரும்வரை கார் ஓட்டுநருக்கு மட்டும் தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் வெங்கட்ரமணன் ஏணி போட்டுப் பச்சை வலையைக் கட்டினார். பானையைத் தானே கழுவி, நிரப்பி, ஈரத்துணி சுற்றினார். "மன்னிச்சுக்கோங்க பழனிசாமி" என்று சொல்லி, முதல் டம்ளர் தண்ணீரை அவரிடம் நீட்டினார். ரட்சையை என்ன செய்வது என்று கேட்டார். செப்புத் தகடு நல்ல கனம் என்று சொல்லி, கமலா அதைத் துணி பறக்காமலிருக்கப் பானை மூடிமேல் வைத்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு, குடையும் தண்ணீர் பாட்டிலுமாகக் காய்கறி வாங்கக் கிளம்பியவரை மூன்றாவது மாடிக்காரர் மறித்தார்.

"சார், இவன் போனால் போறான். மல்காஜ்கிரிக்கு ஒருத்தர் வந்திருக்காராம். கையைத் தூக்கினா மழை கொட்டுமாம்!"

"அப்படியா? அவர் ஆசிரமத்துக்குத் தண்ணி லாரி வருதான்னு முதல்ல பார்த்துட்டு வாங்கோ. வந்தா, திரும்பி வரச்சே எங்காத்துல ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போங்கோ," என்று சொல்லிக் குடையை விரித்தார் வெங்கட்ரமணன்.

மூன்றாவது மாடிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். சொறியட்டும், நல்லதுதான். வெயில் படாமல் மூடி வைக்க வேண்டியது மாவை. மூளையை அல்ல.