மலை அலுத்துப்போக எட்டுப் பரிசுகள்

காலை ஐந்தே முக்கால் மணி. போடி ஜீப் ஸ்டாண்டில் நின்ற ஜீப்புக்குள் ஏலக்காய் பறிக்கப் போகும் பதினோரு பேர். பன்னிரண்டாவதாக, முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவள் மகாராணி. என் மனைவி.

அந்த முன் இருக்கை இருபத்தாறு ஆண்டுகளாக என்னுடையது.

குரங்கணிக்கு மேலே எங்களுக்கு மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. 'எங்களுக்கு' என்று சொல்வது என் பழக்கம். பட்டாவில் இருப்பது மகாராணியின் பெயர். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலமெல்லாம், சனிக்கிழமை காய் எடுப்பை மேற்பார்வை பார்த்தவன் நான். மேற்பார்வை லேசான வேலை அல்ல. பெண்கள் ஏலச்செடித் தட்டைக்கு அடியில் குனிந்து காய் பறிப்பார்கள். நான் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் நாற்காலி போட்டு, மூடுபனி விலகுகிறதா என்று பார்ப்பேன். விலகாவிட்டால் ஒரு காப்பி. விலகினால் இன்னொரு காப்பி. மதியம் நாட்டுக்கோழி. அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டு மேற்பார்வை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நான் பிரபாகரன். மற்ற ஆறு நாளும் டீச்சர் வீட்டுக்காரர்.

2024 மே மாதம் மகாராணி விருப்ப ஓய்வு வாங்கினாள். ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னாள்:

"நாளையிலருந்து தோட்டத்துக்கு நான் போறேன். வீட்டுச் சோலிய நீங்க பாருங்க."

"மழ, அட்ட, ஏத்தம். ஒனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

"இருபத்தாறு வருசமா நீங்க பட்ட கஷ்டத்துல கொஞ்சத்த நான் படுறேன்."

"சமையல்?"

"அது உங்க இஷ்டம்."

மறுநாள் இருட்டும் நேரம் திரும்பினாள். சேலையெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு. "வாரத்துக்கு ஒருநாள் போதாதுங்க, இன்னொரு நாளும் போகலாம்னு இருக்கேன்" என்றாள். என் மலை என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

சண்டை போட்டு ஜெயிப்பது எல்லோரும் செய்வது. நான் மனத்தைப் படிக்கிறவன். ஏலக்காய் ஏலத்தில் ஒரு வியாபாரிக்காகச் சாம்பிள் பார்த்துச் சொல்வது என் தொழில். பிடித்த காய் கையில் சிக்கினால் ஒருமுறை முகர்ந்து, முகத்தைச் சுளித்துத் திரும்பத் தட்டில் போட வேண்டும். நம் எண்ணம் இன்னதென்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்தால் விலை ஏறிவிடும். முகத்தைச் சுளிப்பதில் போடியில் எனக்கு நிகரானவர்கள் இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள்.

அதற்கு மறுநாள் தேனியில் 'மனமும் மகிழ்ச்சியும்' என்று ஒரு முழுநாள் கூட்டம். போனேன். அழுவதால் துக்கம் வருகிறதா, துக்கத்தால் அழுகை வருகிறதா என்று ஒரு பேராசிரியர் அரைமணி நேரம் பேசினார். எங்கள் வீட்டில் இரண்டும் என்னால் வருகின்றன. அதனால் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். வெளிநாட்டில், படம் வரைய ஆசைப்படும் குழந்தைகளுக்கு, வரைந்தால் பரிசு என்று கொடுத்துப் பார்த்தார்களாம். கொஞ்ச நாளில் வரையும் ஆசையே குறைந்துபோனதாம். ஆசைக்காகச் செய்ததைப் பரிசுக்காகச் செய்வதாக மனம் மாற்றி எழுதிக்கொள்ளுமாம்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். எழுந்தவன் நான் மட்டும்தான். இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

திட்டம் தயார். மகாராணி மலைக்குப் போய்வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பரிசு. எட்டு வாரம். மலை அவளுக்கு அலுத்துப்போகும். நாற்காலி எனக்குத் திரும்பும். அவள் ஜீப் ஏறும்போது வாய் திறக்க மாட்டேன். வந்து கால் கழுவியதும் சட்டென்று நீட்டுவேன். முன்கூட்டியே கையைக் காட்டுகிறவன் ஏலத்தில் பிழைத்ததில்லை.

முதல் வாரம் மல்லிகைப் பூவும் அல்வாவும்.

"என்னாங்க திடீர்னு?"

"சும்மா. தோணுச்சு."

இரண்டாம் வாரம் சுங்குடிச் சேலை. மூன்றாம் வாரம் வெந்நீர் பிளாஸ்க். நான்காம் வாரம் அட்டை ஏறாத முழங்கால் பூட்ஸ். ஐந்தாம் வாரம் மழைக்கோட்டு. எதிரிக்கு ஆயுதம் வாங்கித் தருகிறோம் என்பது ஆறாம் வாரம் குடை வாங்கும்போதுதான் உறைத்தது. ஆனாலும் நம்பிக்கை தளரவில்லை.

இதற்கிடையில் சமையல். முதல் சனிக்கிழமை நான் வைத்த ரசத்தை மகாராணி குடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. திட்டினாலாவது பதில் சொல்லலாம். அடுத்த வாரம் மிளகைக் கல்லில் தட்டிப் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் புளியைக் குறைத்து, தக்காளியைக் கையால் பிசைந்து, நுரை கட்டும்போது இறக்கினேன்.

"போன வாரத்துக்கு இந்த வாரம் புளி சரியா நிக்கிது" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு அன்று மாலை முழுக்கப் பெருமையாக இருந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஐந்தாம் வாரம் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி கிண்ணத்தோடு வந்தாள்.

"அண்ணே, மதினி சொன்னாக, ஒங்க ரசம் நல்லாருக்காம்ல?"

"மதினியா சொன்னா?"

"எங்கிட்டச் சொன்னாக. ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னாக."

"ஏனாம்?"

"அது எனக்கென்ன தெரியும்? வெரசா ஊத்துங்கண்ணே, அடுப்புல ஒல கெடக்கு."

ஊற்றினேன். ஏழாம் வாரம் மூன்று கிண்ணங்கள் வந்தன. சனிக்கிழமைக்கு மட்டும் இருந்த சமையல் புதன்கிழமைக்கும் பரவியது. மகாராணி கேட்கவில்லை. நானாகவே செய்தேன். பூண்டுக் குழம்பில் நான் கண்டுபிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன்.

எட்டாவது சனிக்கிழமை. பரிசு, வெள்ளிக் கொலுசு. மகாராணி வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டாள். நேரம் வந்துவிட்டது என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"மல இப்ப அலுப்பா இருக்குமே?"

"இல்லையே. போகப் போக நல்லாருக்கு."

"ஒருவேள உள்ளுக்குள்ள அலுத்திருக்கும். ஒனக்கே தெரியாம."

மகாராணி பூட்ஸைக் கழுவி காற்றுப் படும் இடத்தில் கவிழ்த்தாள். பிறகு கேட்டாள்.

"தேனிக் கூட்டத்துல மத்தியானம் வரைக்கும்தான் இருந்தீங்களா?"

முகத்தைச் சுளித்துப் பார்த்தேன். எடுபடவில்லை.

"பி.எட்.ல இதெல்லாம் எங்களுக்குப் பாடம். பரிசு உண்டுன்னு முன்னாடியே சொல்லி வரையச் சொன்ன பிள்ளைகளுக்குத்தான் ஆச கொறஞ்சது. சொல்லாம கொள்ளாமக் குடுத்த பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க ஒருதடவயாவது முன்னாடி சொன்னீங்களா?"

இருபத்தாறு ஆண்டு ஏலத் தொழில் என்னைக் கவிழ்த்த இடம் அது. கையைக் காட்டியிருந்தால் ஜெயித்திருப்பேன்.

"மொத வாரமே தெரியுமா?"

"அல்வாவுலயே தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"பூட்ஸு தேவப்பட்டுச்சு."

அவளே தொடர்ந்தாள்.

"ஒருத்தர் ஒரு சோலிய விரும்பிச் செய்ய மூணு வேணும். தன் இஷ்டத்துக்குச் செய்யணும். நாளுக்கு நாள் கை தேறணும். நாலு பேரு தேடி வரணும். பாவம் நீங்க, வீட்டுலயே கெடக்குறீங்க. வேணும்னா ஒரு வழி சொல்றேன். இனிமே ரசம் வச்சா ஒவ்வொரு வாட்டியும் நூறு ரூவா தர்றேன். முன்னாடியே சொல்லிட்டேன், பாத்துக்கங்க. நாலஞ்சு வாரத்துல ஒங்களுக்குச் சமையலே கசந்துரும். அப்பறம் மலைக்கு நீங்களே போகலாம்."

எனக்கு ரத்தம் கொதித்தது.

"என் ரசத்துக்குக் கூலியா? யாருகிட்டப் பேசுற? இந்தத் தெருவுல இப்பிடி ஒரு ரசம் வைக்க ஆளு இருக்கா? காசுக்காகவா நான் செய்யுறேன்?"

"அப்ப வேணாமா?"

"நூறு இல்ல, ஆயிரம் குடுத்தாலும் வேணாம்."

"சரி" என்று சொல்லிவிட்டு மகாராணி காய் எடை எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் சொன்ன மூன்றையும் நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தது அதன் பிறகுதான்.

2025 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, அந்த ஆண்டின் முதல் காய் எடுப்பு நடந்தது. மேற்பார்வை மகாராணி. ஜீப்பில் போன பன்னிரண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு நான்.