பூமாதேவிக்கு மஞ்சள் காமாலை

இந்த வாடையை எங்கேயோ முகர்ந்திருக்கிறேன் என்று நினைத்தாள் காத்தூன். மறுநொடியே, எங்கேயோ இல்லை, இங்கேயேதான் என்று தன்னைத் திருத்திக்கொண்டாள். தீக்குச்சியைக் கிழித்து அணைத்தது போன்ற வாடை. தொண்டையில் முள்ளாகக் குத்தும். இங்கே வேலை பார்த்த பதினோரு வருடத்தில், குரோம் முலாம் பூசும் தொட்டியின் ஆவி அவள் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை போட்டிருந்தது. மிச்சமிருந்த மூக்கு அந்த வாடையை மறக்கவில்லை.

சுற்றி நின்ற நானூறு பேருக்கு அது தெய்வ வாசனை.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் சாலையில், மூடிக் கிடந்த சைக்கிள் ஹேண்டில்பார் கம்பெனிக்குள் மண் சாமி வந்து இறங்கி அது மூன்றாவது வெள்ளிக்கிழமை. கண்டக்டர்கள் "மண் சாமி ஸ்டாப்பு" என்றே விசிலடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஜவளகிரிக்காரர்கள் யானை மிதித்த கொல்லையின் மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார்கள். வேப்பனப்பள்ளிக்காரர்கள் பூ உதிர்ந்த மாமரத்தடி மண்ணைக் கொண்டுவந்தார்கள். மந்திரித்துக் கொடுக்க முடிச்சுக்கு இரண்டு ரூபாய். யானைக்கு இந்த ஏற்பாடு தெரிவிக்கப்பட்டதாகத் தகவல் இல்லை.

கம்பெனிக் கிணற்றின் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அதனால் பூமாதேவிக்கு மஞ்சள் காமாலை என்று சாமி கண்டுபிடித்தார். மனுஷருக்குக் காமாலை வந்தால் மந்திரிக்கிறோமே, பூமிக்கு வந்தால் விட்டுவிடுவதா? நானூறு பேரும் இல்லை என்று தலையாட்டினார்கள்.

சாமி கண்ணாடி ஜாடியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். பட்டுப்பையிலிருந்து திருநீறு எடுத்துத் தூவி, வேப்பங்குச்சியால் கலக்கி, உதட்டை அசைத்தார். இரண்டு நிமிடத்தில் மஞ்சள் மறைந்தது. அத்திப்பள்ளியிலிருந்து வந்த ஒருவர் "அய்யோ, தேவரே!" என்று கன்னடத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா காத்தூனக்கா, நம்ம மண்ணு தேறிருச்சி!" என்றாள் நாராயணம்மா. கம்பெனியில் பாலிஷ் பகுதியில் இருந்தவள். கண்ணில் நீர் நின்றது.

நம்ம மண்தான். கம்பெனி மூடியபோது இரண்டு வருடச் சம்பளப் பாக்கிக்குப் பதிலாகப் பதினோரு தொழிலாளிகளுக்கு அந்த நிலம் எழுதப்பட்டது. நிலம் கெட்டுப்போயிருந்ததால், மெஷின்களை விற்ற மூன்று லட்சம் பேங்கில் போடப்பட்டது. கெட்ட மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தி நல்ல மண் கொட்ட அந்தப் பணம். இரண்டு வருட வேலை என்று பெங்களூர் இன்ஜினியர் சொல்லியிருந்தார். ஒப்பந்தத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. நிலம் சுத்தமாகிவிட்டது என்று பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டால், செலவாகாத பணம் முதலாளிக்கே திரும்பும்.

சாமி வந்த பிறகு பத்துப் பேர் போட்டுவிட்டார்கள். நிலத்தை மனை போட்டு விற்கப் புரோக்கர்கூட வந்துவிட்டார். விற்ற பணத்தில் ஆளுக்கொரு வீடு. காத்தூன் ஒருத்திதான் பாக்கி. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவள். வீடு வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை.

பேசாமல் இருந்துவிடலாம் என்று முதல் வெள்ளிக்கிழமையே அவளுக்குத் தோன்றியது. சாமியின் குட்டை உடைக்க வேண்டுமானால் தன்னுடையதையும் சேர்த்து உடைக்க வேண்டும். பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம்தான். பழக்கம் என்றால் பதினோரு வருடப் பழக்கம்.

ஆனால் இன்று நாராயணம்மா அந்த ஜாடித் தண்ணீரைத் தீர்த்தமாக வாங்கக் கையைக் குழித்து நீட்டினாள். காத்தூன் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"பாய் ஊட்டம்மாவுக்கு இங்க என்னா வேலை?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"என் நெலம், என் கெணறு. வேலை இல்லாம இருக்குமா?" என்றவள் சாமியிடம் திரும்பினாள். "சாமி, ஒரே ஒரு வேண்டுதலு. மந்திரம் உங்களுது, எலுமிச்சம்பழம் உங்களுது. திருநீறு மட்டும் நாராயணம்மா மலைக்கோயில்ல வாங்கி மடியில வெச்சிருக்கறதப் போடுங்க."

"அது சாதாரணத் திருநீறு மகளே. இது இமயமலையிலிருந்து..."

"மலைக்கோயில் சாமிய விட உங்க பொடி ஒசத்தியா?" நாராயணம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது. "போட்டுத்தான் காட்டுங்க!"

சாமி போட்டார். கலக்கினார். உதட்டை அதிக நேரம் அசைத்தார். தண்ணீர் கலங்கி, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. தெளிந்த தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது.

காத்தூன் முந்தானையில் முடிந்திருந்த வெள்ளைப் பொடியை எடுத்தாள். இன்னொரு ஜாடி. எலுமிச்சை, பொடி, குச்சி. மந்திரம் இல்லை. "வெயிலு ஜாஸ்தி" என்று மட்டும் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள். மஞ்சள் போய்விட்டது. வாடை கிளம்பியது.

ஜவளகிரி அம்மாள் ஒருத்தி "தாயே!" என்று காத்தூனின் காலில் விழுந்தாள். பின்னால் இன்னும் நாலு பேர் மண் முடிச்சோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். பழைய சாமி இன்னும் எழுந்திருக்கவே இல்லை, அதற்குள் புதுச் சாமி தயார்.

"எந்திரிம்மா, எந்திரி!" காத்தூன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இது மூட்டையில வர்ற பொடி. நாத்தப் பொடின்னு சொல்லுவோம். இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கி மட்டும் தொட்டியில ஆசிட்டு ஊத்தி, இதப் போட்டுக் கலக்குறது என் வேலை. பின்கட்டுல நான் ஒருத்திதான். தண்ணி வெளுத்துரும். அவரு பாத்து எழுதிக்கிட்டுப் போயிருவாரு. மத்த நாளு பூரா மஞ்சளாவே இந்தக் கெணத்துல எறக்கினோம். இவரு செய்யறத நான் பதினோரு வருசம் செஞ்சேன். எனுக்கு யாரும் ரெண்டு ரூவா குடுக்கல."

நாராயணம்மா அவளையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் காத்தூன் இத்தனை நாள் பயந்திருந்தாள். இப்போது அது வந்துவிட்டது. நின்று வாங்கிக்கொண்டாள்.

"ஷெட்டுல முழு மூட்டையா வெச்சிப் பூட்டிட்டுப் போனேன். நேத்துத் தொறந்து பாத்தா பாதிதான் இருக்குது. சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. யாரும் திருப்பிக் கேக்கல. இன்னொண்ணு..." என்று கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கம்பெனி மேனேஜர் கோவிந்தப்பனைப் பார்த்தாள்.

நானூறு பேரும் அவரைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் மண் சாமி ஐந்து மணி பஸ்ஸில் ஏறிவிட்டார். பட்டுப்பையை விட்டுவிட்டார், உண்டியலை விடவில்லை.

கூட்டம் கலைந்தது. ஒருவர் மட்டும் வெளுத்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டுமே" என்றார்.

கோவிந்தப்பன் பேப்பரோடு வந்தார். பேனாவைத் திறந்தே நீட்டினார்.

"சாமி டுபாக்கூராவே இருக்கட்டும்மா. பத்துப் பேரு போட்டாச்சி. நீ ஒருத்தி போட்டா எல்லாருக்கும் ஊடு. உனுக்குத் தனியா பத்தாயிரம், முதலாளியே சொல்லிட்டாரு."

"என் கையெழுத்த அடிச்சிரு சார்" என்றாள் நாராயணம்மா. காத்தூனோடு பேசவில்லை. ஆனால் பக்கத்தில் வந்து நின்றாள்.

பத்தாயிரம். தகரத்துக்குப் பதிலாக ஓடு. காத்தூன் நினைத்துப் பார்த்தாள். பிறகு, இங்கே மனை வாங்கப்போகும், இன்னும் முகம் தெரியாத ஒருத்தி கிணற்றில் குடத்தை இறக்குவதையும் நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை தொட்டியைக் கலக்கியதும் ஒரு கையெழுத்துதான். அப்போது யாரும் பேனாகூடக் கொடுக்கவில்லை.

"அந்த மூணு லட்சத்துல மண்ணத் தோண்டச் சொல்லுங்க சார்."

"ரெண்டு வருசம் ஆகும்மா! அதுவரைக்கும் என்னா பண்ணுவ?"

"வாடகை குடுப்பேன்." அவள் பேனாவை வாங்கி, மூடியைத் திருகி, அவர் சட்டைப் பையிலேயே செருகினாள். "சுத்தம்னு எழுதியிருக்கீங்கல்ல? நாளைக்கிக் காலையில இந்தக் கெணத்துல ஒரு டம்ளர் மொண்டு குடிங்க சார். குடிச்சிட்டுப் பேப்பரக் கொண்டாங்க."

பாட்டில்காரர் கையிலிருந்ததைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அன்று முதல் தடவையாக, யோசிப்பது போலிருந்தது.