கடையில் பார்த்த மாப்பிள்ளையும் பேக்கரியில் பார்த்த மாப்பிள்ளையும்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். அத்தானின் முழங்கால் தேவலையா? இங்கே எல்லாரும் நலம், என்னைத் தவிர.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன வாரம் என் பெண், தான் கட்டிக்கொள்ளப் போகிற பையனை முதன்முதலாக என் பூட்டுக்கடைக்கு அழைத்து வந்தபோது, நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி டிபன்பாக்ஸுக்குள் ஒளித்து வைத்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. "கடை நல்லா இருக்கு மாமா"ன்னு சுற்றிப் பார்த்தான், அவ்வளவுதான். ஆனால் அதற்குச் சற்று முன்தான் ஒருவர், தன் வீட்டைத் திருடர்கள் மொத்தமாக வழித்துக்கொண்டு போன கதையைச் சொல்லி அழுதுவிட்டுப் போயிருந்தார். பூட்டுக்கடைக்குச் சந்தோஷமாக எவன் வருகிறான் அக்கா? திருட்டுக் கொடுத்தவன்தான் வருகிறான். நாள் முழுக்க அதையே கேட்டால், தெருவில் சும்மா போகிறவன்கூடத் தாழ்ப்பாளை நோட்டம் விடுகிறாற்போலத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து "வேண்டாம், முழியே சரியில்லை" என்றேன்.

மறுநாள் காலை பேக்கரியில் அதே பையன். சுடச்சுட ரொட்டி வாசனை, எவர் இடுப்பிலோ ஒரு குழந்தை சிரிக்கிறது, இவன் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் வழிவிடுகிறான். தங்கமான பிள்ளை! ஓடிவந்து "சரி"ன்னேன். கடைக்குப் போனால், ஒரு அம்மாள் வந்து, பீரோவை உடைத்தது சொந்த மருமகன்தான்னு மூக்கைச் சிந்தினாள். சாயந்தரம் மறுபடியும் "வேண்டாம்".

"அப்பா, உங்களுக்கு அவரைப் பிடிக்கலையா, இல்ல இன்னிக்கு யார் வீட்லயாவது திருட்டுப் போச்சா?" என்றாள் பெண்.

"ஞாயித்துக்கிழமை கடை லீவு. அன்னிக்குக் கேளுடி, சரின்னுடுவார்" என்றாள் என் மனைவி.

பெண் சிரிக்கவில்லை. "இனிமே கேக்க மாட்டேம்பா" என்று உள்ளே போனவள்தான். தட்டை வைக்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா, இருப்பது அவள் ஒருத்தி. இத்தனை வயசாகி, ஒரு மனுஷனைப் பிடிக்கிறதா இல்லையான்னு எனக்கே தெரியவில்லை. வாடிக்கையாளர் என் தலைக்குள் விட்டுப்போனதையெல்லாம் ஒதுக்கிப் பார்த்தால், நானாக நினைத்ததென்று ஒன்றுமே தேறவில்லை. உன்மேல் இருக்கிற பாசம்கூட, எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் வந்ததோ என்னவோ.

நீ ஒருத்திதான் இதில் சம்பந்தப்படாதவள். வந்து அந்தப் பையனை நிதானமாகப் பார்த்து ஒரு வார்த்தை சொல், கட்டுப்படுகிறேன். அதுவரை கடையைத் திறக்க மாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது மனைவி சொல்கிறாள், அவர்கள் போன மாதமே பதிவுத் திருமணம் செய்துகொண்டுவிட்டார்களாம், என்னைக் கேட்டது மரியாதைக்காம். சாட்சிக் கையெழுத்துப் போட்டது நீதானாமே?